ஒரு லத்தீன் சொல்லுக்கு எடைக்கல்

அந்தச் சொல்லில் மொத்தம் எட்டே எழுத்து. கறுப்பு மை பழுப்பாகிப்போய், கோணல்மாணலாக, ஜானட்டின் செல்போன் திரையில் தெரிந்தது. இரண்டு விரலால் அதை இன்னும் விரித்துப் பார்த்தாள். எழுத்துதான் பெரிதானது, விஷயம் தெளியவில்லை. அவுங்குலோ. சவரிமுத்து என்பவர் அந்தக் குழந்தைக்கு அவுங்குலோ.

கேள்வி சின்னதுதான். சவரிமுத்து அந்தக் குழந்தையின் அப்பாவுக்குச் சகோதரனா, அம்மாவுக்குச் சகோதரனா?

அப்பாவுக்குச் சகோதரன் என்றால், வருகிற புதன்கிழமை ஜானட்டுக்கும் பென்னிக்கும் கல்யாணம் கிடையாது.

இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ராயபுரத்தில் அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயர், பிள்ளை பெயர், பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் சொல்லி, இவர்களுக்குள் ஏதாவது தடை தெரிந்தால் அறிவியுங்கள் என்று படிப்பார்கள். அதுதான் ஓலை. மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு. இன்று வியாழன்.

விஷயத்தைக் கிளப்பியது கோயில் ஆபீசில் வேலை பார்க்கிற ஜெனி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சந்தோஷத்தில் செய்தது. பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தவள், 1938-ஆம் வருஷத்தில் ஒரு பதிவைப் பார்த்தாள். குழந்தை மிக்கேல். அப்பா ராயப்பன், அம்மா அன்னம்மாள். அந்த மிக்கேல், பென்னியின் தாத்தா. ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவர், துறைமுகத்து டாக் கூலி சவரிமுத்து. அவர் ஜானட்டின் அப்பா யேசுதாஸுக்குத் தாத்தா. பெயரும் தெருவும் தொழிலும் அச்சாகப் பொருந்தின. பக்கத்திலேயே அந்தச் சொல். ஜெனி அதைப் போனில் போட்டுத் தேடினாள், 'அங்கிள்' என்று வந்தது. உடனே பென்னியின் அம்மா டோரதிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ஆன்ட்டி, உங்க ரெண்டு வூடும் ஏற்கெனவே சொந்தம் தெரியுமா? உங்க மாமனாருக்கு ஜானட் வூட்டு தாத்தா அங்கிளாம்!"

அங்கிள் என்று தமிழில் ஓர் உறவு கிடையாது. மாமா உண்டு, சித்தப்பா பெரியப்பா உண்டு. மாமன் வழி என்றால் கட்டிக்கொள்கிற முறை. சித்தப்பா வழி என்றால் பங்காளி, அண்ணன் தங்கை. இடையில் பெண் பிள்ளை வழியாக வந்திருந்தால் எங்கேயாவது முறை மாறியிருக்கும். இங்கே மாறவே இல்லை. மிக்கேலின் மகன் அந்தோணி, அந்தோணியின் மகன் பென்னி. அந்தப் பக்கம் சவரிமுத்துவின் மகன், அவர் மகன் யேசுதாஸ், அவர் மகள் ஜானட். அப்பன், மகன், பேரன் என்று நேர்கோடாக இறங்கிவந்ததில், எண்பத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் விழுந்த முடிச்சு அப்படியே இவர்கள் மடியில் வந்து விழுந்தது.

நேற்று சாயங்காலம் டோரதி வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு மாதமாக யேசுதாஸை வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டவள், நேற்று வாசலில் நின்று எதுவும் கூப்பிடாமல் பேசினாள். பங்காளி என்றாகிவிட்டால் அவர் அவளுக்கு அண்ணன் இல்லை, புருஷனுக்கு அண்ணன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"எதுவாயிருந்தாலும் சண்டேக்குள்ள சொல்லிட்டா தேவல. பத்திரிகை வெச்ச வூடெல்லாம் போன் மேல போன் பண்ணிகினு கீறாங்க."

"இன்னாத்தம்மா சொல்றது?" என்றார் யேசுதாஸ். ஹார்பரில் முப்பத்தைந்து வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய குரல், நேற்று தணிந்து வந்தது. "எங்கப்பன் மூஞ்சியே எனக்குத் தெரியாது. சரக்கு சங்கிலி அறுந்து டாக்குல செத்தாரு, நான் அப்ப கைக்கொயந்த. அவுரோட அப்பன் யாருக்கு அண்ணன், யாருக்கு மச்சான்னு எங்க போயி கேப்பேன்? காசிமேட்டு கல்லறைல குழிய தட்டி கேக்கட்டுமா?"

கூட ஹார்பரில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு வெள்ளத்துரை சும்மா இருக்கவில்லை. "தா, யேசு. நூறு வருசத்து கத இது. எவனுக்குத் தெரியும்? அந்த பக்கத்த கிழிச்சி கடாச சொல்லு. மேட்டர் ஓவர்."

"எனக்குத் தெரியுமேடா" என்றார் யேசுதாஸ்.

அந்த இரண்டு சொல்தான் ஜானட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பாவைச் சம்மதிக்க வைத்தால் மட்டும் போதாது. அவளுக்கும் தெரியுமே. பென்னி பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் ஃபிட்டர். வேலைக்கு நடுவில் பதினேழு முறை கூப்பிட்டுவிட்டான், அவள் எடுக்கவில்லை. 'எதுவா இருந்தாலும் எனக்கு ஓகே' என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். எப்படி ஓகே ஆகும் என்று எரிச்சல் வந்தது. சிரிக்கும்போது எட்டிப் பார்க்கும் அவனுடைய ஓரப்பல் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். போனில் அவன் படத்தை எடுத்துப் பார்த்தாள். அப்பாவுக்கும் இதே பக்கம்தானே ஓரப்பல்? படத்தை மூடிவிட்டாள்.

வியாழன் மத்தியானம் கோயில் ஆபீசுக்குப் போனாள். ஃபாதர் ஞானத்துக்கு அவளைவிட இரண்டு வயதுதான் அதிகம்.

"திருச்சபை சட்டப்படி தடையே இல்ல, ஜானட். ரொம்ப தூரத்துச் சொந்தம். நான் தாராளமா கல்யாணத்த மந்திரிச்சு வெப்பேன்."

"எனக்கு சட்டம் வேணாம் ஃபாதர். அது மாமனா, சித்தப்பனா? அத மட்டும் சொல்லுங்க."

ஃபாதர் தலையைச் சொறிந்தார். "லத்தீன்ல நான் மூணு வாட்டி பெயிலு. ஆனா டிக்ஷனரி கீது." அலமாரியின் அடித்தட்டிலிருந்து செங்கல் போல ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

அவுங்குலோ என்று தேடினால் அகராதியில் இல்லை. அவுங்குலுஸ் என்றுதான் இருந்தது. ஃபாதருக்குப் பாதி மறந்துபோன பாடம் மெல்ல மெல்லத் திரும்பிவந்தது. தமிழில் மாமன், மாமனை, மாமனுக்கு, மாமனுடைய என்று சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறோம். லத்தீனில் வாலையே கழற்றி வேறு வால் மாட்டுவார்கள். அவுங்குலுஸ் என்றால் அவன். அவுங்குலும் என்றால் அவனை. அவுங்குலி என்றால் அவனுடைய. அவுங்குலோ என்றால் அவனுக்கு, அல்லது அவனைக் கொண்டு. பதிவில் ஏன் 'லோ' என்றால், 'சவரிமுத்து ஞானத்தகப்பனாக நிற்க' என்று முழு வாசகமும் அந்த வாலில் தொங்குகிறது.

பயத்தோடு பயமாக ஜானட்டுக்கு அது பிடித்துப்போனது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது திறந்து காட்டினால் அவளுக்கு வேறு எதுவும் ஓடாது. "அப்ப வால் எதுவாயிருந்தாலும் ஆளு ஒண்ணுதான்?"

"ஒண்ணேதான். இன்னும் கேளு. அவுஸ்னா தாத்தா. அவுங்குலுஸ்னா குட்டித் தாத்தா. அம்மாவோட அப்பாவுக்கு அடுத்து அந்த வூட்டுல யாரு? அம்மாவோட பிறந்தவன். இதோ போட்டிருக்கான் பாரு, 'தாயின் சகோதரன்'."

ஜானட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"அப்பாவோட பிறந்தவனுக்கு வேற சொல்லு. பத்ருவுஸ். அப்பாவுக்கு பாத்தேர், அதிலேர்ந்து வந்தது. அத்தைக்கு அமிதா. அம்மாவோட தங்கச்சிக்கு மாத்தெர்த்தெரா. அட, நம்மள மாதிரியே பிரிச்சி வெச்சிக்கீறாங்கப்பா!"

"அப்ப மாமன்தான் ஃபாதர்! மாமன்தான்!"

ஆனால் ஃபாதரின் விரல் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பொடி எழுத்தில் இரண்டு வரி. அதைப் படித்தவர் முகம் மாறியது. பிற்காலத்தில் அந்தப் பிரிவினை தேய்ந்துபோனது, தந்தையின் சகோதரனையும் அதே சொல்லால் குறிப்பிட்டார்கள். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து பிரெஞ்சுக்குப் போய், பிறகு இங்கிலீஷுக்கு வந்து 'அங்கிள்' ஆனது.

ஆக, சுற்றி வந்து அதே அங்கிள். ஜானட் உட்கார்ந்தாள். பதிவை எழுதியவர் ஏதோ ஓர் ஐரோப்பியச் சாமியார், கையெழுத்துகூடப் புரியவில்லை. அவர் ஊர்ப் பாஷையிலும் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் இருந்திருக்கும். அவர் பழைய லத்தீன் தெரிந்து எழுதினாரா, வாய்க்கு வந்ததை எழுதினாரா? ராயப்பன், அன்னம்மாள் கல்யாணப் பதிவு கிடைத்தால் அன்னம்மாளின் வீடு தெரிந்துவிடும். அந்தப் புத்தகத்தைச் செல் அரித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது என்றாள் ஜெனி, அழுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இருந்தால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் ஓர் எடைமேடையில் அவள் ஆப்பரேட்டர். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், மேடைக்கு அடியில் எட்டு லோடு செல் கருவிகள் பாரத்தை வாங்கும், அவள் திரையில் எண் விழும். காலி எடை, சரக்கோடு எடை, சீட்டு. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு இரண்டு சீட்டைத் தப்பாக அடித்துக் கிழித்துப் போட்டாள்.

பதினொரு மணிக்குப் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு டில்லிபாபு வந்தான். சீட்டைப் பார்த்ததும் கேபினிலிருந்து குதித்தான்.

"யக்கா, உன் மிசினு இன்னா காத்தாலயே ஏத்திகிச்சா? அங்க ஒரு எட காட்டுது, இங்க ஒரு எட காட்டுது. நூத்தம்பது கிலோவ முழுங்கிட்டு கம்முனு கீதே!"

"வண்டிய இறக்கு. கல்லு வெச்சே காட்டறேன்."

"நீ கல்லு வெப்ப, நான் பட்டினி கெடந்து சாவறதா?"

"பேசாம தூக்குடா, மாமு."

மேடை ஓரத்தில் முத்திரை போட்ட இருபது கிலோ இரும்புக் கற்கள் இருபது அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் வைத்தார்கள். நானூறு. அடுத்த மூலை. நானூறு. எடைமேடையைப் பற்றி யாருக்கும் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு லாரியின் எடையை நம்பலாமா கூடாதா என்பது, அந்த எண்ணையே எவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தாலும் தெரியாது. லாரியை இறக்கிவிட வேண்டும். எடை தெரிந்த ஒன்றை அதே மேடையில் வைத்துப் பார்க்க வேண்டும். தெரிந்ததைச் சரியாகச் சொல்கிற மேடை, தெரியாததையும் சரியாகச் சொல்லும்.

நாலாவது மூலைக்குப் போகும்போது கையில் கல்லோடு ஜானட் நின்றுவிட்டாள்.

இரண்டு நாளாக அவள் அந்த எட்டு எழுத்தையே வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாக்கா, பேய் புட்ச்சா மாரி நிக்கற? கால்ல போட்டுக்கப் போற!"

"டில்லி, சாமியார மேடையில ஏத்தணும்டா."

"சுத்தம்" என்றான் டில்லிபாபு.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கோயில் ஆபீசில் உட்கார்ந்தாள். ஜெனிக்கு விஷயத்தைச் சொன்னாள். அதே சாமியார் எழுதிய மற்ற பதிவுகளை எடுக்க வேண்டும். ஞானத்தகப்பன் குழந்தைக்கு இன்ன உறவு என்று அவர் எழுதியிருக்கிற இடங்களை மட்டும் பொறுக்க வேண்டும். அதில் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் இருக்கிற குடும்பங்களைக் கேட்டு, உண்மையில் என்ன உறவு என்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

"ஒரு கண்டிஷன்" என்றாள். "புக்குல இன்னா போட்டிருக்குன்னு நீ சொல்லவே கூடாது. மொதல்ல அவங்க சொல்லட்டும்."

"உன் கல்யாணத்துல கொள்ளி வெச்சவ நான். நீ சொன்னா சர்ச் மணில தொங்கிகினே போன் பண்றேன்டி."

1934-லிருந்து 1941 வரை புரட்டினார்கள். ஜெனி வேகமாகத் தாண்டிய ஒரு பக்கத்தை ஜானட் திருப்பினாள். 'அவுங்குலி வீட்டில்' என்று இருந்தது. உடம்புக்கு முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே ஞானஸ்நானம். வால்தான் வேறு, ஆள் அவர்தான். அதையும் எழுதிக்கொண்டாள். மிக்கேலின் பதிவைத் தவிர, அந்தச் சொல் வருகிற பதிவு பத்து தேறியது. அதில் ஆறு குடும்பத்தை ஜெனிக்குத் தெரியும்.

முதல் போன். ஸ்பீக்கரில் ஒரு பெரியவர் குரல். "எங்கப்பாவுக்கு ஞானத்தகப்பனா? ஏம்மா, காலங்காத்தால இத இன்னாத்துக்கு கேக்கற? சொத்து கித்து எதனா கீதா?... அவுரு அப்பாவோட மாமா. தாய்மாமா. கொண்டித்தோப்புல இருந்தாரு."

ஜானட் ஒரு டிக் போட்டாள். இரண்டாவது, மாமா. மூன்றாவது, மாமா. அவுங்குலி வீட்டுக் குழந்தை, அதுவும் மாமா வீடுதான். ஐந்தாவதும் மாமா. ஜெனி எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

ஆறாவது போன். "அவுரா? எங்க பாட்டனோட சித்தப்பா ஆச்சே. கூடப் பொறந்த தம்பி."

ஆடிக்கொண்டிருந்த ஜெனி உட்கார்ந்துவிட்டாள். ஒரு மூலையில் தப்பு காட்டுகிற மேடையை யாரும் நம்ப மாட்டார்கள். ஜானட்டே நம்ப மாட்டாள். பேனாவை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்தாள். பதிவின் கடைசியில் கையெழுத்து இருந்தது. மற்ற ஐந்தையும் எடுத்து அருகில் வைத்தாள். அந்த ஐந்திலும் கையெழுத்துக்குக் கீழே மீன்வால் மாதிரி ஒரு சுழி. இதில் சுழி இல்லை, எழுத்தும் குண்டு குண்டாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினாள். 1936-இல் நாலு மாதம் முழுக்கக் குண்டு எழுத்து. பிறகு மறுபடி மீன்வால்.

"ஆளே வேற ஜெனி. இந்த நாலு மாசம் வேற சாமியார் எழுதிகீறாரு. இது வேற மேடை." மிக்கேலின் பதிவைப் பார்த்தாள். மீன்வால்.

"அப்ப அஞ்சுக்கு அஞ்சு. முடிஞ்சிதுடி!"

"முடியல." ஜானட் நகத்தைக் கடித்தாள். "எத வெச்சாலும் நானூறுன்னே காட்டற மேடை ஒண்ணு இருந்தா? நானூறு கிலோ வெச்சா அதுவும் கரெக்டாதான் காட்டும். எல்லாரையும் இந்தாளு அவுங்குலோன்னே எழுதியிருந்தா, அஞ்சு மாமனும் வீண். நெசமான சித்தப்பாவ ஏத்திப் பாக்கணும். அப்ப இன்னா எழுதறாருன்னு தெரியணும்."

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை மீன்வால் பதிவுகளில் பத்ருவோ என்று இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்றால் எல்லாம் பாழ். 1934 போயிற்று, இல்லை. 1935, 1936 போயிற்று. 1937 பாதியில் ஜானட்டின் விரல் நின்றது. பத்ருவோ. 1939-இல் இன்னொன்று, 1940-இல் ஒன்று. அவர் இரண்டு சொல்லையும் வைத்திருந்திருக்கிறார். 1940-ஆம் வருஷத்துக் குடும்பத்தை யாருக்கும் தெரியவில்லை. 1939-ஆம் வருஷத்துக் குடும்பம் இப்போது புளியந்தோப்பில். கேட்டதும் சொன்னார்கள்: பெரியப்பா.

1937, காசிமேட்டில் மீன் விற்கிற ஜூடியின் தாத்தா. போனில் ஏலக் கூச்சலுக்கு நடுவே ஜூடி கத்தினாள். "இன்னாது? ஞானத்தகப்பனா? எங்க தாத்தாவுக்கு அவங்க சின்னையா தான். அப்பன் செத்ததும் வளத்ததே அவுருதான். எங்க மீன் புடிக்கிற போட்டு பேர பாத்ததில்ல நீ? 'சின்னையா'ன்னு இத்தாம் பெருசா எழுதிகீறோம்!"

சின்னையா என்றால் சித்தப்பா. புத்தகத்தில் பத்ருவோ.

மத்தியானம் யேசுதாஸும் டோரதியும் வந்தார்கள். ஜானட் தாளை அப்பா கையில் கொடுத்து ஒவ்வொரு பெயராக விளக்கினாள். அவர் அவசரப்படவில்லை. வின்ச்காரர், கொக்கி மாட்டியதை இரண்டு தடவை பார்க்காமல் தூக்க மாட்டார்.

"எல்லாம் சரி. அன்னிக்கு மட்டும் சாமியாருக்கு கை தவறியிருந்தா?"

"தவறலாம் டாடி. முத்திரை போட்ட மேடையும் தவறலாம். ஆனா எண்ணூர் ரோட்டுல போற அத்தினி வண்டிக்காரங்களும் இதே மாதிரி கல்லு வெச்சிப் பாத்துதான் நம்பறாங்க. இதுக்கு மேல எதயும் நான் கேக்க மாட்டேன். எனக்கே இது போதும்."

'எனக்கே' என்றதை அவர் கவனித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டோரதி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அண்ணே" என்றாள், மூன்று நாளுக்குப் பிறகு. "வெயில்ல வந்துகீறீங்க. ஒரு டீ சாப்பிட்டு போலாம் வாங்க."

ஜானட் வெளியே வந்து, வேப்பமர நிழலில் நின்று பென்னியைக் கூப்பிட்டாள். ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"சொல்லு ஜானட். இன்னா ஆச்சு?"

"அதே சாமியார் எழுதினதுல, உறவு தெரிஞ்ச ஏழு பேர வெச்சிப் பாத்தோம். அஞ்சு பேரு மாமா, அஞ்சுக்கும் அவுங்குலுஸ்னு எழுதிகீறாரு. ரெண்டு பேரு அப்பாகூட பொறந்தவங்க, ரெண்டுக்கும் பத்ருவுஸ்னு எழுதிகீறாரு. ஒரு வாட்டிகூட மாத்தி எழுதல. உங்க தாத்தாவுக்கு அவுங்குலுஸ்னு எழுதிகீறாரு. அதனால எங்க சவரிமுத்து, அன்னம்மாளோட கூடப் பொறந்தவரு. உங்க தாத்தாவுக்கு தாய்மாமா. நீ எனக்கு மொறப் பையன். நாளைக்கு மூணாவது ஓல வாசிக்கிறாங்க."